சித்த மருத்துவ இறுதி ஆண்டு: ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போவது எப்படி?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை, கோணேசபுரி வளாகத்தில் பி.எஸ்.எம்.எஸ். (சித்த மருத்துவ இளமாணிப் பட்டம்) படிக்கும் தம்பி தங்கச்சிமார் இறுதி ஆண்டு தொடங்கியதும் கேட்பது இதைத்தான்: "முதலில் ஆய்வேட்டை முடிப்பதா, பாடத்தைப் படிப்பதா?" பாடம் உங்கள் நேரத்தில் நடப்பது, பின்தங்கினால் நாலு இரவு விழித்தாவது பிடித்துவிடலாம். ஆய்வேடு அப்படியில்லை. மேற்பார்வையாளர், நெறிமுறைக் குழு, வைத்தியசாலைப் பொறுப்பதிகாரி, மொழிபெயர்த்துத் தருபவர், கடைசியில் பைண்டிங் கடைக்காரர் என்று அது முழுக்க அடுத்தவர் நேரத்தில் நகரும். நீங்கள் விழித்திருப்பதால் அவர்களுடைய கையெழுத்து விரைவாக வந்துவிடாது. ஆகவே அடுத்தவர் கைக்குப் போகவேண்டியதை முதலில் அனுப்புங்கள். அது திரும்பி வரும் இடைவெளியில் படியுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டவை.

படி 1: நாட்காட்டியைப் பின்னாலிருந்து நிரப்புங்கள்

ஒப்படைக்கும் திகதியையும் பரீட்சை தொடங்கும் திகதியையும் முதலில் குறியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். அச்சுக்கும் பைண்டிங்குக்கும் ஒரு வாரம், மேற்பார்வையாளர் கடைசியாக வாசித்துத் திருத்த மூன்று வாரம், அதற்கு முன் பகுப்பாய்வு, அதற்கும் முன் தரவு சேகரிப்பு. மேற்பார்வையாளருக்கு மூன்று வாரம் அதிகம் என்று நினைக்காதீர்கள். உங்கள் பட்ச்சில் இருக்கும் மற்றவர்களும் அதே வாரத்தில்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

மழையையும் நாட்காட்டியில் போடுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை. மகாவலி பெருகினால் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் போவது நடக்காத காரியம். களவேலையை அதற்கு முன்னரே முடிப்பதுதான் புத்தி.

படி 2: தலைப்பைச் சிறிதாக்குங்கள்

'திருகோணமலை மாவட்டத்தில் மூட்டுவாதம்' என்று எடுத்தால் மாவட்டம் முழுக்க அலையவேண்டி வரும். ஒரு வைத்தியசாலை, ஒரு நோய், ஒரு கேள்வி போதும். இளமாணி ஆய்வேட்டில் பரீட்சகர் எதிர்பார்ப்பது உலகம் காணாத கண்டுபிடிப்பை அல்ல, கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடிய முறையை.

மூலிகையைப் பற்றிய ஆய்வு என்றால் தாவர அடையாளத்தை முதல் வாரத்திலேயே உறுதிப்படுத்துங்கள். கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டுரைகள் பலவற்றில் பிலாந்தஸ் நிரூரி என்று இருக்கும். நம் பக்கத்தில் வளர்வது பெரும்பாலும் பிலாந்தஸ் அமாரஸ். எதை ஆராய்ந்தீர்கள் என்று வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) கேட்டால் "ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்" என்ற பதில் எடுபடாது. பூவோடும் காயோடும் உள்ள மாதிரியைக் காயவைத்துப் பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரகத்தில் அடையாளம் பெறலாம். இதுவும் அடுத்தவர் நேரம்தான், மறக்கவேண்டாம்.

படி 3: நெறிமுறை அனுமதி

அதிகமானோர் சறுக்கும் இடம் இது. நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி தரவு சேகரிக்க முன்னர் வேண்டும். சேகரித்துவிட்டுப் பிறகு கேட்டால் தரமாட்டார்கள். சேகரித்த அத்தனையும் வீண். 'வெறும் வினாக்கொத்துத்தானே, மருந்தா கொடுக்கிறேன்' என்ற வாதமும் செல்லாது. 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனம் வந்ததிலிருந்து, மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு அவர்களுடைய சம்மதம் அடிப்படை.

குழுவுக்குப் போகும் ஆவணக் கட்டில் ஆய்வு முன்மொழிவு, தகவல் தாள், சம்மதப் படிவம், வினாக்கொத்து, மேற்பார்வையாளரின் கையெழுத்து எல்லாம் இருக்கவேண்டும். நம் மாவட்டத்தில் தமிழில் மட்டும் படிவம் வைத்தால் போதாது. கந்தளாயிலிருந்து வருபவருக்குச் சிங்களப் படிவம் வேண்டும். சிங்களத்தில் மொழிபெயர்த்ததை இன்னொருவரிடம் கொடுத்து, மூலத்தைப் பார்க்காமல் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கேள்வியின் பொருள் எங்கே மாறியது என்று உடனே தெரிந்துவிடும். சித்தச் சொற்களில் இந்தச் சோதனை கட்டாயம். 'வாதம்' என்று கேட்டால் ஒருவர் மூட்டுவலியை நினைப்பார், இன்னொருவர் பக்கவாதத்தை நினைப்பார்.

குழு அனுமதித்துவிட்டால் வைத்தியசாலைக்குள் போகலாம் என்று எண்ணவேண்டாம். மாகாண சுதேச மருத்துவத் திணைக்களம், வைத்தியசாலைப் பொறுப்பதிகாரி என்று உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி பெறவேண்டும். கடிதங்களின் கொப்பியை ஒரே ஃபைலில் வையுங்கள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவை வேண்டும்.

படி 4: எத்தனை பேர்?

ஒரு நோய் எத்தனை வீதம் பேருக்கு இருக்கிறது என்று, அதாவது பரவலை அளக்கும் ஆய்வு என்றால் வழமையான சூத்திரம் (95% நம்பிக்கை மட்டத்துக்கு 1.96, எதிர்பார்க்கும் பரவல் 0.5, பிழை எல்லை 0.05) இப்படி வரும்: 1.96 × 1.96 × 0.5 × 0.5 ÷ (0.05 × 0.05) = 384.16. அதாவது 385 பேர். இதைப் பார்த்ததும் சிலருக்கு முகம் வெளிறிவிடும். ஆனால் உங்கள் கிளினிக்கில் அந்த நோயோடு பதிவானவர்களே மொத்தம் 200 பேர்தான் என்றால், சிறிய நோயாளர் தொகைக்கான திருத்தம் ஒன்று இருக்கிறது: 384.16 ÷ (1 + 383.16 ÷ 200). விடை ஏறத்தாழ 132. இந்தத் திருத்தத்தை அறியாமல் தலைப்பையே கைவிட்டவர்கள் உண்டு.

படி 5: களத்துக்குப் போங்கள்

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் என்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் போகாதீர்கள். நோன்பு மாதத்தில் காலையிலேயே முடித்துவிடுங்கள். கடற்கரைக் கிராமங்களில் கரைவலை இழுக்கிற நேரத்தில் வினாக்கொத்தோடு போய் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், பார்க்கவும் தேவையில்லை. அலுவலகக் கையெழுத்துக்குப் போயா (முழுநிலா விடுமுறை) நாளில் வெளிக்கிடவேண்டாம்.

வினாக்கொத்தை முதலில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், இவர்களை இறுதிக் கணக்கில் சேர்க்காமல். ஒவ்வொரு படிவத்துக்கும் இலக்கம் போடுங்கள், பெயர் எழுதாதீர்கள். அன்றன்று வந்த தரவை அன்றிரவே கணினியில் ஏற்றுங்கள். ஒரு பிரதி பென் டிரைவில், ஒரு பிரதி கூகுள் டிரைவில்.

படி 6: எழுதுங்கள், ஆனால் முதல் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள்

அறிமுகத்தில் தொடங்குபவர்கள் அறிமுகத்திலேயே நின்றுவிடுவார்கள். களவேலை நடக்கும்போதே ஆய்வுமுறை அத்தியாயத்தை முடித்துவிடலாம். முன்மொழிவில் பாதி ஏற்கனவே இருக்கிறது. 'சேகரிக்கப்படும்' என்று இருப்பதெல்லாம் 'சேகரிக்கப்பட்டது' என்று மாறவேண்டும், அவ்வளவுதான். இந்த மாற்றத்தை மறந்த ஆய்வேடுகளைப் பரீட்சகர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

அடுத்து முடிவுகள், பின்னர் கலந்துரையாடல், கடைசியில் அறிமுகமும் சுருக்கமும். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருள் பி மதிப்பை (முடிவின் புள்ளியியல் முக்கியத்துவத்தைக் காட்டும் எண்) 0.000 என்று காட்டினால் அப்படியே எழுதாதீர்கள். அது பூச்சியம் அல்ல, 0.001ஐ விடக் குறைவு என்றுதான் எழுதவேண்டும். மேற்கோள்களைக் கையால் ஒழுங்குபடுத்தாமல் சோட்டேரோ, மெண்டலே என்ற மேற்கோள் மென்பொருள்களில் ஒன்றில் முதல் நாளிலிருந்தே சேருங்கள், இரண்டும் இலவசம்.

ஒவ்வோர் அத்தியாயமும் முடிய முடிய மேற்பார்வையாளருக்கு அனுப்புங்கள். முழுவதையும் கடைசியில் கட்டாகக் கொடுத்தால் அவரும் கடைசியில்தான் வாசிப்பார்.

படி 7: அச்சும் ஒப்படைப்பும்

கடைக்குப் போகுமுன் பி.டி.எஃப். ஆக மாற்றுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாக்கொத்து, கடைக்காரரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை குறைவு. பைண்டிங் பக்கத்து ஓரத்தை மற்ற ஓரங்களைவிட அகலமாக விடுங்கள். அளவு, அட்டை நிறம், பிரதிகளின் எண்ணிக்கை எல்லாம் உங்கள் பீடத்தின் கையேட்டில் இருப்பதுபோல்தான், சீனியர் அண்ணாவின் ஆய்வேட்டைப் பார்த்து அல்ல. விதிகள் பட்ச்சுக்குப் பட்ச் மாறும். ஒப்படைக்கும்போது திகதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

படி 8: எழுத்துப் பரீட்சை

விண்ணப்பம், வரவு வீதம், அனுமதி அட்டை மூன்றையும் முன்கூட்டியே சரிபாருங்கள். எழுதும்போது நேரத்தைப் பிரிப்பதுதான் பெரிய விஷயம். 3 மணித்தியாலத்தில் 6 கேள்வி என்றால் ஒன்றுக்கு 30 நிமிடம் அல்ல, 27 நிமிடம். மீதி வாசிக்கவும் திருப்பிப் பார்க்கவும். தெரிந்த கேள்விக்கு 50 நிமிடம் எழுதி முழுப் புள்ளி எடுப்பதைவிட, தெரியாத கேள்விக்கும் பாதிப் பதில் எழுதுவது இலாபம்.

படி 9: நோயாளியின் பக்கத்தில்

செய்முறைப் பரீட்சையில் பலர் நேராக நாடியில் கை வைப்பார்கள். வேண்டாம். கையைக் கழுவுங்கள், பெயர் சொல்லுங்கள், தொடலாமா என்று கேளுங்கள். வயதில் பெரியவரை "ஐயா", "அம்மா" என்று கூப்பிடுங்கள். சிங்களம் மட்டும் பேசும் நோயாளி வந்தால் "கொஹெத ரிதென்னே?", "கவதா இந்தலாத?" என்ற இரண்டு கேள்விகளாவது வாயில் வரவேண்டும். எங்கே நோகிறது, எப்போதிருந்து என்று கேட்டுவிட்டால் மிச்சத்தைச் சைகையிலாவது சமாளிக்கலாம்.

சித்த மருத்துவத்தில் நோயறியும் எண்வகைத் தேர்வை ஒரே ஒழுங்கில் செய்து பழகுங்கள்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். பதற்றத்தில் ஒன்றை விடாமல் இருக்க ஒழுங்கு உதவும். நாடியில் ஆட்காட்டி விரல் வாதம், நடுவிரல் பித்தம், மோதிர விரல் கபம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கண்டதைச் சொல்லுங்கள், புத்தகத்தில் உள்ளதை அல்ல. நெய்க்குறியும் (சிறுநீரில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்ப்பது) அப்படித்தான். எண்ணெய்த் துளி பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் பரவினால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம். துளி இரண்டுங்கெட்டானாக நின்றால் அதையும் அப்படியே சொல்லலாம், தொந்தம் (இரண்டு தோஷம் கலந்த நிலை) என்று ஒன்று இருக்கிறதே.

மேலைத்தேய மருந்து எடுக்கிறாரா என்று கேட்காமல் விடாதீர்கள். நீரிழிவுக்காரர் மெற்போமின் எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்களும் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து எழுதினால் என்ன நடக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி.

வைவாவில் சின்ன விஷயம்தான் கேட்பார்கள். குடிநீரின் (மூலிகைக் கஷாயத்தின்) ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணித்தியாலம். சூரணத்துக்கு நூல்கள் சொல்வது 3 மாதம். ஆய்வேட்டைப் பற்றிக் கேட்டால் முதல் கேள்வி பெரும்பாலும் "ஏன் இத்தனை பேர்?" என்பதுதான். படி 4இல் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி, போகுமுன் ஒருதரம் பாருங்கள்.

படி 10: முடிந்த பிறகு

பரீட்சகர் சொன்ன திருத்தங்களை உடனே செய்து, இறுதிப் பிரதியைக் கொடுத்துவிடுங்கள். நூலகம், விடுதி, ஆய்வுகூடம் என்று எங்கும் பாக்கி இல்லை என்ற கையெழுத்துகளையும் அந்த வாரமே வாங்குங்கள். ஊருக்குப் போய்விட்டு இதற்காக மட்டும் நிலாவெளி பஸ் ஏறி வருவது வீண் அலைச்சல். அப்புறம் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு செய்வதற்கான மூலச் சான்றிதழ்களையும், பெயர் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கிறதா என்பதையும் பெறுபேறு வருமுன் பார்த்துவையுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து வேறு என்றால் அதைத் திருத்துவதும் அடுத்தவர் நேரம்தான்.