வெண்ணெய் தடவி உண்ண ஒரு டீகேக்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கங்களில் பேக்கரி என்று சொன்னாலே டீக்கடையையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். மாலை டீயோடு பன் தின்னும் பழக்கம் உள்ள நமக்கு இங்கிலாந்தின் டீகேக் அந்நியமாகத் தோன்றாது. பெயரில் கேக் இருந்தாலும் அது கேக் அன்று. ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த மாவில் உலர்ந்த பழங்களும் மணப்பொருள்களும் கலந்து சுடும் தட்டையான இனிப்பு பன். அங்கே வடபகுதியின் சில ஊர்களில் பழமே சேராத வெறும் பன்னையும் டீகேக் என்றே அழைக்கிறார்கள். இங்கே சொல்லப்போவது பழம் சேர்த்தது.

பத்து டீகேக்குகளுக்கு 500 கிராம் மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 60 கிராம் நாட்டுச் சர்க்கரை, 8 கிராம் உப்பு, 50 கிராம் வெண்ணெய், காய்ச்சி ஆறவைத்த பால் 200 மில்லி, தண்ணீர் 80 மில்லி, விதையில்லாத உலர் திராட்சை 150 கிராம், ஓர் ஆரஞ்சுப் பழத்தின் தோல் ஆகியவை வேண்டும். ஆரஞ்சுத் தோலின் மேற்பரப்பை மட்டும் துருவ வேண்டும். அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். டூட்டி ஃப்ரூட்டி போடலாமா என்று பலர் கேட்பார்கள். அது சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய். நிறம் தருமே தவிர பழத்தின் புளிப்பைத் தராது என்பதால் நான் சேர்ப்பதில்லை.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் செல்லும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். வெள்ளைச் சர்க்கரை தராத கரும்பு மணம் அதில் உண்டு. ஆனால் அதை நேரே மாவில் கொட்டாமல், 80 மில்லி வெந்நீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகே பாலோடு கலக்க வேண்டும். சூடான பாலில் போட்டால் பால் திரிந்துவிடக்கூடும்.

மணப்பொருள்களில் பட்டைக்கே முதலிடம். பட்டைத் தூள் ஒரு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த கொத்தமல்லி விதை அரைத் தேக்கரண்டி, சுக்குத் தூள் கால் தேக்கரண்டி, இரண்டு கிராம்பு, கால் பங்கு ஜாதிக்காய் போதும். பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக ஜாதிக்காய் விளைவதால் முழுக்காயாக வாங்கி, சேர்க்கும் நேரத்தில் துருவிக்கொள்வதே நல்லது. பொடித்து வைத்தால் மணம் விரைவில் போய்விடும். மணம் தூக்கலாக இருக்கட்டும் என்று பட்டையை இரட்டிப்பாக்காதீர்கள். பட்டையின் எண்ணெயில் உள்ள சின்னமால்டிஹைடு ஈஸ்டின் வேகத்தைக் குறைக்கும். மாவு பொங்காமல் கனத்துக் கிடக்கும்.

திராட்சையை வடிகட்டிய சூடான கறுப்பு டீயில் அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். ஊறாத பழம் மாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் மறுநாளே பன் வறண்டுவிடும். ஈரம் ஒற்றாத பழமோ மாவைக் கொழகொழப்பாக்கும்.

மைதா, உப்பு, ஈஸ்ட், மணப்பொடிகள், ஆரஞ்சுத் துருவல் ஆகியவற்றைக் கலந்து, வெதுவெதுப்பான பால் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைய வேண்டும். மைதாவுக்கு மைதா நீர் பிடிக்கும் அளவு மாறும் என்பதால் கடைசி 20 மில்லியை நிறுத்திவைத்துப் பார்த்து ஊற்றுவது நல்லது. பாலில் விரலை விட்டால் சுடக் கூடாது. கொதிக்கும் பால் ஈஸ்டைக் கொன்றுவிடும். பத்து நிமிடம் பிசைந்த பின் வெண்ணெயைச் சிறு துண்டுகளாகச் சேருங்கள். வீட்டு வெண்ணெயில் மோர் தங்கியிருந்தால் அதைப் பிழிந்துவிட வேண்டும். முதலில் மாவு வழுக்கிக்கொண்டு பிரிவதுபோல் தோன்றும். பயந்து மைதாவைத் தூவாமல் இன்னும் ஐந்து நிமிடம் பிசைந்தால் வெண்ணெய் உள்ளே போய், மாவு பட்டுப்போலத் திரண்டு வரும். சிறிதளவு மாவை இரு கைகளாலும் மெல்ல விரித்துப் பார்த்தால், கிழியாமல் மறுபக்கத்து வெளிச்சம் தெரியும் அளவுக்குச் சவ்வாக விரிய வேண்டும். அதன் பிறகே மாவைப் பரப்பிப் பழத்தைத் தூவி மடித்துச் சேர்க்க வேண்டும்.

பொங்கவைப்பதில்தான் ஆங்கிலக் குறிப்புகள் நம்மை ஏமாற்றுகின்றன. அவை குளிர்நாட்டுச் சமையலறைக்கு எழுதப்பட்டவை. முதன்முறை ஒரு சித்திரை மாதத்தில், குறிப்பில் இருந்தபடி ஒன்றரை மணி நேரம் விட்டேன். மாவு பாத்திரத்தை மீறி வழிந்து, கள் வாடை அடித்து, சுட்டபின் சப்பையாக உட்கார்ந்துவிட்டது. கோடையில் 40, 45 நிமிடமே போதும். மார்கழியில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். எனவே கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். அளவு இரட்டிப்பாகி, விரலால் குத்திய பள்ளம் மெதுவாகப் பாதியளவே மேலெழுந்தால் அதுதான் பதம். ஆடி மாதத்தில் வேறொரு தொல்லை உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று மாவின் மேல் ஏடு கட்டிவிடும். அந்த ஏடு பொங்குவதைத் தடுத்து, சுடும்போது வெடிப்பாகும். ஈரத்துணியை இறுக்கமாகப் போர்த்தி, ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

பொங்கிய மாவைத் தட்டிக் காற்றை இறக்கி, 100 கிராம் அளவில் பத்தாகப் பிரித்து, உருட்டி, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாக அழுத்துங்கள். மேலே துருத்தும் திராட்சைகளை உள்ளே தள்ளிவிட வேண்டும். வெளியே நின்றால் அவை கருகிக் கசக்கும். தட்டில் இடைவெளி விட்டு வைத்து, மூடி, 25 முதல் 40 நிமிடம் மீண்டும் பொங்கவிடுங்கள்.

ஓடிஜி என்னும் சிறிய மின்னடுப்பை 190 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் முன்னரே சூடேற்றி, மேலே பால் தடவி, நடுத்தட்டில் 18 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். சிறிய அடுப்புகளில் மேல்கம்பி அருகில் இருப்பதால் 12 நிமிடத்திலேயே நிறம் ஏறிவிடும். அப்போது அலுமினியத் தாளை மேலே போர்த்துங்கள். அடிப்பகுதியைத் தட்டினால் வெற்றுப்பானையின் ஓசை வர வேண்டும். எடுத்தவுடன் சுத்தமான துணியால் மூடினால் ஆவியில் மேல்தோல் மென்மையாகும்.

மூடிய டப்பாவில் இரண்டு நாள் இருக்கும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். மிஞ்சுவதை உறைபெட்டியில் வைப்பதே சரி.

சுட்ட அன்றைவிட மறுநாள் வாட்டித் தின்பதே எனக்குப் பிடிக்கும். மேல்பாதி, கீழ்பாதி என இரண்டு வட்டங்களாகக் குறுக்காக அறுத்து, வெங்காய வாடை இல்லாத தோசைக்கல்லில் மிதமான தீயில் வெட்டிய பக்கத்தை மட்டும் பொன்னிறமாக வாட்டி, சூடு ஆறும் முன் ஊத்துக்குளி வெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். அந்த வெண்ணெயில் உப்பு இல்லாததால் இரண்டு சிட்டிகை தூள் உப்பைத் தூவி, உருகி உள்ளே இறங்கும் வரை ஒரு நிமிடம் பொறுத்திருந்து எடுங்கள்.