சொந்த சைட் ப்ராஜெக்ட்: வெளியிடலாமா, காசு கேட்கலாமா?

ஓய்வு நேரத்தில் எழுதிய செயலி உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. இனி வெளியிடுவது ஒரு முடிவு, காசு கேட்பது வேறு முடிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதுவுமே நகராது. இந்த வரிசையில் போங்கள்.

படி 1: கோட் யாருக்குச் சொந்தம்?

வேலையில் இருந்தால் நியமன ஒப்பந்தத்தைப் படியுங்கள். பணிக்காலத்தில் எழுதுவதெல்லாம் நிறுவனத்துக்கே என்று இருந்தால், எழுத்தில் அனுமதி வாங்காமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம். பிறகு லைப்ரரிகளின் (நீங்கள் எடுத்துச் சேர்த்த பிறரின் ஆயத்தக் கோட்) லைசென்ஸ், அதாவது பயன்பாட்டு நிபந்தனை. எம்ஐடி லைசென்ஸ் என்றால் பெரிய தொல்லை இல்லை. ஜிபிஎல் லைசென்ஸ் உள்ள கோடைச் சேர்த்த செயலியைப் பிறருக்குக் கொடுத்தால் சோர்ஸும், அதாவது செயலியின் மூலக் கோடும் தரவேண்டும். ஏஜிபிஎல் இன்னும் கறார்: அந்தக் கோடை மாற்றி வெப் சர்வீஸாக ஓட்டினாலே சோர்ஸைத் தரவேண்டும்.

படி 2: முன்பின் தெரியாதவரிடம் கொடுங்கள்

நண்பர்கள் "சூப்பர்" என்பார்கள். அது கணக்கில் வராது. உங்கள் செயலி தீர்க்கும் பிரச்சினையால் நிஜமாகவே அவதிப்படுபவர் ஒருவரைப் பிடித்து, ஸ்கிரீன் ஷேர் போடச் சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் பாருங்கள். உதாரணமாக, அவர் ஏற்றும் ஃபைலில் தேதி நாள்-மாதம் என்று இருக்கும். உங்கள் கோட் அதை மாதம்-நாள் என்று படிக்கும். 13ஆம் தேதி வந்ததும் எரர் அடிக்கும். எரர்கூடப் பரவாயில்லை; 12 வரை கிட்டத்தட்ட எல்லாம் சத்தமில்லாமல் தப்பாகப் பதிவாகியிருக்குமே!

அதைச் சரிசெய்து கொடுங்கள். நீங்கள் நினைவூட்டாமலே அடுத்த வாரமும் அவர் பயன்படுத்தினால் வெளியிடலாம்.

கூகுளின் ப்ளே ஸ்டோருக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2023 நவம்பர் 13க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும்.

படி 3: விலையைக் காட்டிப் பாருங்கள்

2010இல் பஃபரை (சமூக ஊடகப் பதிவுகளை நேரம் குறித்து வெளியிடும் சேவை) தொடங்கிய ஜோயல் கேஸ்காய்ன் முதலில் போட்டது வெறும் விளக்கப் பக்கம், செயலியே கிடையாது. பிறகு அதற்கும் மின்னஞ்சல் கேட்கும் பக்கத்துக்கும் நடுவில் ஒரு விலைப் பக்கத்தைச் செருகினார். கட்டணத் திட்டங்களையும் சிலர் கிளிக் செய்ததைப் பார்த்த பிறகே கோட் எழுத உட்கார்ந்தார். "காசு கொடுப்பீர்களா?" என்று கேட்டால் யாரும் மரியாதைக்கு "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் கேட்காமல், விலையோடு ஒரு பொத்தானை வைத்து எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

படி 4: கையில் என்ன நிற்கும்?

இணையத்தில் கார்டு வழியாகக் காசு வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம், அமெரிக்காவில் உள்ளூர் கார்டுக்கு எடுப்பது 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். மாதம் 2 டாலர் கேட்டால் கிட்டத்தட்ட 36 சென்ட், அதாவது 18 சதவீதம் போய்விடும். அதையே வருடத்துக்கு 24 டாலராக ஒரே தடவையில் வாங்கினால் பிடிப்பு 1 டாலர்தான். ஆகவே சின்ன விலை என்றால் வருடச் சந்தாதான் என் பரிந்துரை. ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு வருடம் 99 டாலர், கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர். சர்வர், டொமைன், வரி எல்லாம் தனி.

படி 5: மெயிலுக்குப் பதில் போடுவீர்களா?

என்னைக் கேட்டால் காசு கேட்பதா வேண்டாமா என்பதை முடிவுசெய்வது இதுதான். காசு கட்டியவர் "லாகின் ஆகவில்லை" என்று எழுதினால், அன்றைக்கு ஆபீஸில் எவ்வளவு வேலை இருந்தாலும் நீங்கள்தான் பார்க்கவேண்டும். ரீஃபண்டும் உங்கள் தலையில்தான். அது ஒத்துவராது என்றால் தயங்காமல் இலவசமாக, ஓப்பன் சோர்ஸாகப் போட்டுவிடுங்கள். ஒத்துவரும் என்றால், முதல் காசு வாங்குவதற்கு முன்பே பயனர் தன் டேட்டாவை எடுத்துக்கொள்ள ஒரு எக்ஸ்போர்ட் வசதி செய்துவையுங்கள். என்றாவது மூடவேண்டி வந்தால் யாரும் நடுத்தெருவில் நிற்கமாட்டார்கள்.