மிதிச்ச போத்தலை மெஷின் வாங்காது

தைப்பூசம் முடிஞ்சு மூணாவது நாள், ஜாலான் உத்தாமாவுல நாங்க போட்ட தண்ணீர் பந்தல்ல சேர்ந்த போத்தல், டின் எல்லாத்தையும் ரெண்டு அரிசி கோணியில கட்டி கார் பூட்ல ஏத்திக்கிட்டு சூப்பர்மார்க்கெட் வாசல்ல இருக்கிற, காலி போத்தலை வாங்கிக்கிட்டு ஆப்புல புள்ளி ஏத்துற போத்தல் மெஷினுக்குப் போனோம். பந்தல் பையன்கள் ரொம்ப பொறுப்பா, இடத்தை அடைக்கக் கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் மிதிச்சு அப்பளமாக்கி வச்சிருந்தாங்க. முதல் பத்து போத்தல் போட்டோம், எட்டை வெளியே துப்பிடுச்சு. பின்னால ஒரு ஆன்ட்டி ஆறே ஆறு டின் வச்சுக்கிட்டு நிக்கிறாங்க, அவங்க பெருமூச்சு விடுறது காதுல விழுது, நாங்க திரும்பத் திரும்ப அதே போத்தலை தலைகீழா, குறுக்கா எல்லாம் போட்டுப் பார்க்கிறோம், மெஷின் அசையவே மாட்டேங்குது.

அன்னைக்கு வந்த கோவத்துல மெஷினை நாலு உதை உதைக்கலாம்னுதான் இருந்துச்சு. ஆனா அப்புறம் யோசிச்சா பாதி தப்பு எங்க மேல. மீதி பாதி எங்க மேல இல்ல, அதையும் சொல்றேன்.

முதல்ல இது குப்பைத்தொட்டி இல்ல, கடை கவுண்டர். பழைய காலத்துல சோடா போத்தலை திருப்பிக் கொடுத்தா கடை முதலாளி தௌக்கே கையில வாங்கி, திருப்பிப் பார்த்து, வாய் உடைஞ்சிருக்கான்னு தடவிப் பார்த்துட்டுத்தான் காசை வைப்பாரு, ஞாபகம் இருக்கா? அந்த தௌக்கே வேலையைத்தான் இது செய்யுது. உள்ள போன போத்தலை உருட்டி பார்கோடை தேடும், கேமராவுல உருவத்தைப் பார்க்கும், எடை பார்க்கும், டின்னா பிளாஸ்டிக்கான்னு பிரிக்கும், எல்லாம் சரியா இருந்தாத்தான் பின்னால தள்ளி, அதுவே நசுக்கிக்கும். (நோர்வேயில 1972-ல ரெண்டு அண்ணன் தம்பி சேர்ந்து, கடைக்காரருக்கு போத்தல் எண்ணுற தொல்லை குறையட்டும்னு ஆரம்பிச்சது இன்னைக்கு உலகம் பூரா நிக்குது.) நசுக்குற வேலை அதோடது. நாம முன்கூட்டியே நசுக்கிக் கொடுத்தா பார்கோடு மடிஞ்சு போகும், உருவமும் பொருந்தாது, அது என்ன பண்ணும் பாவம்.

நமக்கு இந்த மிதிக்கிற பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னா பழைய சாமான் லோரிக்காரர்கிட்ட இருந்து. அவருக்கு எடைதான் கணக்கு, மிதிச்சாலும் மிதிக்காட்டியும் ஒரே கிலோ, மிதிச்சா கோணியில நிறைய பிடிக்கும். ஒரு அலுமினிய டின் 14 கிராம் போல இருக்கும், ஏறக்குறைய 70 டின் சேர்ந்தாத்தான் ஒரு கிலோ. மெஷினுக்கு எண்ணிக்கைதான் கணக்கு. ஆக லோரிக்கு சரியான பழக்கம் மெஷினுக்கு தப்பு, இதை யாரும் சொல்லித் தரலை, மெஷின் மேல ஒரு சின்ன படம் ஒட்டியிருந்துச்சு, அதுவும் வெயில்ல வெளுத்துப் போச்சு.

இதே மாதிரிதான் லேபிள். வீட்டுல அம்மா சுத்தமா லேபிளை உரிச்சு, கழுவி, காய வச்சு அனுப்புவாங்க. கழுவினது நல்லது, உரிச்சதுதான் வினை, ஏன்னா பார்கோடு லேபிள்லதான் இருக்கு, அது இல்லாம மெஷினுக்கு அந்தப் போத்தல் யாருன்னே தெரியாது. அப்புறம் அடியில நிக்கிற தண்ணி. அரை லிட்டர் தண்ணி போத்தல் காலியா 20 கிராம்கூட வராது, அடியில 50 மில்லி சிரப் நின்னா அதுவே 50 கிராம், எடை பார்க்கிற மெஷின் இது காலி இல்லன்னு திருப்பி அனுப்பிடும். அனுப்பாட்டியும் அந்தச் சிரப் உள்ள ஒழுகி பிசுபிசுன்னு ஆகி, எறும்பு ஏறி, அடுத்து வர்றவங்களுக்கு ஒண்ணும் வேலை செய்யாது. மூடி போடணுமா வேண்டாமான்னு ஊருக்கு ஊரு மெஷினுக்கு மெஷின் மாறுது, அதை அங்க எழுதியிருக்கிறபடி பண்ணிக்குங்க. சமையல் எண்ணெய் போத்தல், ஷாம்பு போத்தல், கண்ணாடி, மைலோ பாக்கெட் இதெல்லாம் பெரும்பாலான மெஷின் எடுக்காது, முயற்சி பண்ணி வரிசையை நிறுத்தாதீங்க.

அவசரக்காரங்க பண்ற தப்பு, ஒண்ணு உள்ள போய் முடியறதுக்குள்ள அடுத்ததைத் தள்றது. இல்லாட்டி சந்தேகத்துல கையை விட்டு பாதியில வெளிய இழுக்கிறது. அப்படி இழுத்தா அது நம்மளைத் திருடன்னு நினைச்சுக்கும், ஒரே போத்தலைக் காட்டி ரெண்டு தடவை காசு வாங்குற ஆளுங்களைப் பார்த்துப் பார்த்து பண்ணி வச்சது அது. ஒண்ணு போட்டு, சத்தம் நின்னதும், திரையில எண்ணிக்கை ஏறினதும் அடுத்தது.

இப்ப என்னோட சொந்த முட்டாள்தனம். போன மாசம் தனியா போயிருந்தேன், எனக்கு முன்னால ஒரு காலேஜ் பையன் போட்டுட்டு ஹேண்ட்போனைப் பார்த்துக்கிட்டே நடந்துட்டான். நான் போய் மளமளன்னு போட்டேன், எல்லாத்தையும் வாங்கிக்கிச்சு, என்னடா இன்னைக்கு மெஷினுக்கு நல்ல மூடுன்னு ஒரே சந்தோஷம். 43 போத்தல். கடைசியில என் ஆப்பைத் திறந்து பார்த்தா சைபர். அந்தப் பையன் முடிச்சுட்டேன்னு பட்டனை அமுக்காம போயிருக்கான், என் 43-ம் அவன் கணக்குல ஏறிடுச்சு. உதவி நம்பருக்கு அடிச்சேன், மியூசிக் போட்டாங்க, நல்ல பாட்டுதான். அதனால முதல் போத்தல் போடறதுக்கு முன்னால திரையில உங்க பேரோ உங்க நம்பரோ வந்திருக்கான்னு பாருங்க, போகும்போது மறக்காம முடிச்சுட்டுப் போங்க. ஆப் இல்லாத வயசானவங்க வரிசையில நின்னா கூட நின்னு ஒரு தடவை காட்டிக் கொடுங்க லா, குடியா முழுகிடும்.

சரி, நம்ம தப்பு இல்லாத பாதி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போனா திரையில பெனுன்னு இருக்கும், நிறைஞ்சு போச்சாம். ஒரு வாரம் முழுக்க அப்படியே இருந்ததையும் பார்த்திருக்கேன். நிறைஞ்சதை எடுக்க ஆள் அனுப்ப வேண்டியது மெஷின் வச்சவங்க வேலை, அதுக்கு நாம எவ்வளவு பக்குவமா போத்தல் கொண்டு போனாலும் பிரயோஜனம் இல்ல. ஆனா அந்தக் கோவத்துல பையை மெஷின் பக்கத்துலயே வச்சுட்டு வர்றோம் பாருங்க, அது மட்டும் வேண்டாம். காத்துக்கு உருண்டு லோங்காங்கு சாக்கடையில விழும், இல்ல நேப்பாள்ல இருந்து வந்து அங்க கூட்டுற தம்பி தலையில விழும்.

இன்னொரு குழப்பம் டெபாசிட்டும் புள்ளியும். நம்ம மலேசியா மெஷின்ல பெரும்பாலும் கிடைக்கிறது புள்ளி, அது இனாம் மாதிரி. சிங்கப்பூர் திட்டம் வேற. 2026 ஏப்ரல் 1-ல இருந்து, 150 மில்லி முதல் 3 லிட்டர் வரைக்கும் இருக்கிற பிளாஸ்டிக் போத்தல், டின் பானத்துக்கு வாங்கும்போதே 10 காசு கூட வாங்கிட்டு, காலியைக் கொடுத்தா அதே 10 காசைத் திருப்பிக் கொடுக்கிறதுன்னு வச்சிருக்காங்க. அங்க மெஷின் மக்கர் பண்ணினா போறது நம்ம சொந்தக் காசு, கோவம் வராம என்ன செய்யும். ஜொகூர்ல இருக்கிற என் மச்சான் இங்க வாங்குற டின்னை எல்லாம் மோட்டோவுல கட்டி பாலம் தாண்டி போடலாமான்னு கேட்டான். டெபாசிட் அடையாளம் அச்சடிச்ச டின்னுக்குத்தான் காசு, இங்க வாங்கினதுக்குக் கிடையாதுன்னு சொன்னதும் மூஞ்சி போச்சு.

அயர்லாந்துல மருத்துவம் படிக்கிற அக்கா மகன் சொல்றதும் அதே கதைதான். அங்க 2024 பிப்ரவரி 1-ல தொடங்கினாங்க, அரை லிட்டர் வரைக்கும் 15 சென்ட், அதுக்கு மேல 25 சென்ட். மெஷின் ஒரு சீட்டு கொடுக்கும், அந்தச் சீட்டை அந்தக் கடையிலதான் மாத்தணும். இவன் ஜீன்ஸ் பாக்கெட்ல வச்சு துவைச்சு, ரெண்டு வாரத்து டெபாசிட்டைக் கூழாக்கிட்டான்.

அடுத்த தைப்பூசத்துக்கு பந்தல்ல ரெண்டு கோணி தனியா தொங்கவிடப் போறோம், ஒண்ணு மெஷினுக்கு, ஒண்ணு லோரிக்கு. பையன்கள்தான் முறைக்கிறானுங்க, மிதிக்கிறதுதானே அண்ணே ஜாலின்னு. லோரி கோணியை மட்டும் மிதிச்சுக்கலாம்னு சொல்லியிருக்கோம்.