சிட்ரஸ் சென்ட் ‘நிக்கலை’ என்று சொல்வதற்கு முன்

திருநெல்வேலி ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ சென்ட் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கிற முதல் கேள்வி, “எவ்வளவு நேரம் நிக்கும்?” சிட்ரஸ் வகைக்கு அந்தக் கேள்வியிலேயே பாதித் தவறு ஒளிந்திருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் தோல்களைப் பிழிந்தெடுக்கும் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன் என்ற லேசான பொருள். சட்டென்று ஆவியாகும். அப்படி ஆவியாவதால்தான் அடித்த நொடியில் மூக்கில் பளிச்சென்று ஏறுகிறது. ஊறுகாய்க்கு நாரத்தங்காய் நறுக்கும்போது வீடு முழுக்க வீசும் வாசம், அரை மணி கழித்து அடுப்படியில்கூட இருக்காது. சிட்ரஸ் ஓடிப்போவது குறை இல்லை, குணம். அது ஓடிய பிறகு தோலில் எது மிஞ்சுகிறது என்பதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

மிஞ்சுவது பெரும்பாலும் மரம், வேர், கஸ்தூரி போன்ற கனமான வாசங்கள். அதில் ஒன்று நம் ஊர்ப் பானையில் போடுகிற வெட்டிவேர். உலகம் முழுக்க சென்ட் தொழிலில் ‘வெட்டிவர்’ என்று சொல்வதே தமிழில் இருந்து போன பெயர்தான். ஆண்களுக்கான அழுத்தமான சிட்ரஸ் சென்ட்களில் எலுமிச்சைக்கு அடியில் வெட்டிவேர், தேவதாரு, மிளகு, ஆம்ப்ராக்சான் (அம்பர் வாசம் தரும் செயற்கைப் பொருள்) என்று ஏதாவது கனமாக உட்கார்ந்திருக்கும். ஜான் குளோத் எலெனா என்ற பிரெஞ்சு சென்ட் கலைஞர் ஹெர்மஸ் கம்பெனிக்காக 2006-ல் செய்த ‘தேர் தெர்மஸ்’ இதற்கு நல்ல உதாரணம்: மேலே ஆரஞ்சும் கிரேப்ஃப்ரூட்டும், கீழே வெட்டிவேர். மதியம் மூன்று மணிக்கு அதில் ஆரஞ்சைத் தேடுகிறவருக்கு ஏமாற்றம்தான்.

கடையில் நின்றபடியே தீர்ப்புச் சொல்வது

எல்லாத் தவறுக்கும் இதுதான் தாய். கடைக்குள் ஏசி, 24 டிகிரி. வெளியே மே மாதம் பாளையங்கோட்டையில் 38, 39. உள்ளே அமைதியாக இருந்த சென்ட், வெயிலில் கால் வைத்ததும் வேறு ஆளாக மாறும். அடித்த முதல் ஐந்து நிமிடத்தில் மூக்குக்கு வருவது பெரும்பாலும் ஆல்கஹாலும் பழத்தோல் எண்ணெயும்தான். அதை வைத்து வாங்குவது, முதல் கவளத்தில் கல்யாணச் சாப்பாட்டுக்கே மார்க் போடுகிற கதை.

சரியாகப் பார்க்கிற முறை இது. காலையில் போங்கள். அன்றைக்கு வேறு சென்ட், வாசனை எண்ணெய், சந்தனப் பவுடர் எதுவும் வேண்டாம். காகிதப் பட்டையில் ஒரு அடி அடித்து, அரை நிமிடம் ஆல்கஹால் பறக்க விட்டு முகருங்கள். பட்டையில் பெயரை எழுதி வைக்காவிட்டால் வீட்டுக்குப் போனதும் எது எது என்று தெரியாது. மூன்று பட்டைக்கு மேல் போகாதீர்கள், நான்காவதில் மூக்கு பொய் சொல்லும். பிடித்த ஒன்றை மட்டும் முன்கையின் உள்பக்கம் அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வாருங்கள். அரை மணி கழித்து ஒரு முறை, மூன்று மணி நேரம் கழித்து ஒரு முறை முகர்ந்து பாருங்கள். அந்த மூன்றாவது மணி நேர வாசம் பிடிக்கவில்லை என்றால் எலுமிச்சை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடலாம். கடையில் நீட்டுகிற காபிக்கொட்டை மூக்கைச் சுத்தம் செய்யாது, இன்னொரு வாசத்தைச் சேர்க்கும். சட்டைக் கையை முகர்ந்துவிட்டு வெளிக்காற்று வாங்கினால் போதும்.

‘பாத்திரம் விளக்குற சோப்பு மாதிரி இருக்கு’ என்பது இன்னொரு அவசரத் தீர்ப்பு. எலுமிச்சை வாசத்தை சோப்புக் கம்பெனிகள் அவ்வளவு பயன்படுத்தியிருக்கின்றன, சென்ட் மேல் தப்பில்லை. அதோடு, புளியங்குடி மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக இறங்கும் நம் எலுமிச்சையும் சென்ட் டப்பாவில் எழுதியிருக்கிற லெமனும் ஒரே பழம் இல்லை. நம்முடையது சிறிய, மெல்லிய தோல் கொண்ட, லைம் வகை. லெமன் பெரிது, தோல் தடிமன், வாசத்தில் இனிப்பு கொஞ்சம் கூடுதல். பெர்கமாட் வேறு ஜாதி: இத்தாலியின் கலாப்ரியாவில் விளைவது, லேசான கசப்பும் பூ வாசமும் சேர்ந்தது. நம் எலுமிச்சையை மனதில் வைத்துக்கொண்டு முகர்ந்தால் எல்லாமே ‘ஒரிஜினல் இல்லை’ என்றுதான் படும்.

பெயரிலும் வழுக்குகிறார்கள். டியோரின் ‘ஓ சவாஜ்’ 1966-ல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா செய்தது, எலுமிச்சையும் மூலிகையுமாக மெல்லியது. அதே கம்பெனியின் ‘சவாஜ்’ 2015-ல் வந்தது, பெர்கமாட்டும் மிளகும் ஆம்ப்ராக்சானுமாக முரட்டுத்தனமானது. அண்ணனுக்குப் பரிசு வாங்கும்போது ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போய்ச் சேருகிறது.

டப்பாவில் உள்ள எழுத்தைப் படிக்காதது

கொலோன் என்ற பெயர் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இருந்து வந்தது. 1709-ல் அங்கே தொடங்கிய ஃபரீனா குடும்ப வியாபாரத்தின் சிட்ரஸ் வாசனைத் தண்ணீருக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். அந்த வகையில் வாசனை எண்ணெய் சுமார் 2 முதல் 5 சதவீதம். ஈ.டி.டி. (ஓ டி டாய்லெட்) என்றால் ஏறக்குறைய 5 முதல் 15, ஈ.டி.பி. (ஓ டி பர்ஃப்யூம்) என்றால் 15 முதல் 20. இப்போதோ ஆண்களின் எந்த சென்ட்டையும் கொலோன் என்று சொல்கிறார்கள், குழப்பம் அங்கேதான். உண்மையான கொலோன் ஒன்றிரண்டு மணி நேரம்தான் இருக்கும். குளித்துவிட்டு தாராளமாகப் பூசிக்கொள்ள வந்த பொருள் அது. அதை வாங்கிவிட்டு ‘டூப்ளிகேட்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது அநியாயம்.

அளவு, இடம், வியர்வை

ஒரு அடிக்கு சுமார் 0.1 மி.லி. போகும். 100 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 1000 அடி. கொலோன் வகைக்கு ஐந்தாறு அடி, ஈ.டி.டி.க்கு மூன்று நான்கு, ஈ.டி.பி.க்கு இரண்டு. 15 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். சென்னைக்கு ராத்திரி ஏசி பஸ் ஏறுகிறவருக்கு, சட்டைக்கு உள்ளே ஒரே ஒரு அடி. பக்கத்து சீட்டுக்காரர் பத்து மணி நேரம் உங்களோடுதான் வர வேண்டும்.

அடித்தவருக்கே அரை மணியில் வாசம் தெரியாமல் போவது சகஜம். மூக்கு பழகிவிடும். ஆம்ப்ராக்சான், சில கஸ்தூரி வகைகள் சிலருக்கு முதலிலேயே சரியாகப் படுவதில்லை. ‘போயிருச்சு’ என்று மறுபடி மறுபடி அடிக்கிறவர்தான் டவுன் பஸ்ஸில் ஆட்களை ஜன்னல் பக்கம் ஒதுங்க வைக்கிறார். வீட்டில் யாரையாவது ஒரு கை தூரத்தில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள்: “இன்னும் அடிக்கா?” அந்தப் பதிலை நம்பலாம், உங்கள் மூக்கை நம்ப முடியாது.

வியர்வை மேல் சென்ட் அடிப்பதுதான் நம் பக்கம் அதிகம் நடக்கிற கோளாறு. வியர்வையின் நாற்றத்தை உண்டாக்குவது தோலில் இருக்கும் கிருமிகள். சென்ட் அவற்றைத் தடுக்காது. சிட்ரஸ் முதலில் பறந்துவிடும், வியர்வையும் மரவாசமும் மட்டும் கூட்டணி போட்டு நிற்கும். கிரேப்ஃப்ரூட்டின் வாசத்திலேயே லேசான கந்தகச் சாயல் உண்டு. வியர்வையோடு அது சேர்ந்தால் மோசம். மதியம் மறுபடி அடிக்க நினைத்தால், முதலில் ஈரக் கைக்குட்டையால் கழுத்தையும் கையையும் துடைத்து, உலர விட்டு, பிறகு ஒரு அடி. அதற்காக 5 அல்லது 10 மி.லி. சிறு ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளலாம்.

குளித்ததும் ஈரத்தோடு அடிக்காதீர்கள். தோல் ரொம்ப வறண்டிருந்தால், வாசனை இல்லாத வாசலினைக் கடலை அளவு எடுத்து, அடிக்கப் போகிற இடத்தில் மட்டும் தேய்த்துக்கொண்டால் கொஞ்சம் பிடித்து வைக்கும். மணிக்கட்டை மணிக்கட்டோடு தேய்க்கும் பழக்கம் வேண்டாம், அந்தச் சூட்டில் மேல் வாசம் இன்னும் சீக்கிரம் போகும். சவரம் செய்த கையோடு முகத்தில் அடித்தால் எரியும். குற்றாலத்தில் சாரல் சமயத்தில் அருவிக்குப் போகுமுன் அடிப்பது காசைத் தண்ணீரில் விடுவதுதான், அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெள்ளை வேட்டி, பட்டு சட்டை மேல் நேராக அடித்தால் கறை விழலாம். பனியனின் நெஞ்சுப் பக்கத்தில் அடித்தால் வாசம் தோலைவிட அதிக நேரம் இருக்கும், கறை விழுந்தாலும் வெளியே தெரியாது. பூஜை அறையில் விளக்கு எரியும்போது அடிக்கவே கூடாது. சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால், தீப்பிடிக்கும். ஆனித் தேரோட்டத்துக்குக் கிளம்புகிறவர் வீட்டிலேயே அடித்து, நன்றாக உலர்ந்த பிறகு புறப்படலாம். கூட்டத்துக்குள் கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று அடிக்கிற வேலை வேண்டாம்.

வெயில்

பெர்கமாட், எலுமிச்சைத் தோல்களைப் பிழிந்த எண்ணெயில் பெர்கப்டென் போன்ற பொருள்கள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது கடும் வெயில் பட்டால் சிவந்து புண்ணாகி, பிறகு கறுப்புத் தழும்பு விழலாம். இன்றைய பெரிய கம்பெனிகள் அந்தப் பொருளை நீக்கிய பெர்கமாட்டையோ மிகக் குறைந்த அளவையோ பயன்படுத்துகின்றன. ஆபத்து அதிகம் இருப்பது வீட்டுத் தயாரிப்பில்: எலுமிச்சைத் தோலை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு ‘நேச்சுரல் கொலோன்’ என்று கழுத்தில் தடவிக்கொண்டு பைக்கில் தென்காசி வரை போய் வருவது. அதைச் செய்யாதீர்கள். கடைச் சரக்கானாலும் புதிதாக வாங்கியதை முழங்கை மடிப்பில் ஒரு அடி அடித்து 24 மணி நேரம் பாருங்கள். பகலில் அலைகிற வேலை என்றால் சட்டைக்குள் மட்டும் அடியுங்கள்.

பாட்டில் கெடுவது

சிட்ரஸ்தான் சென்ட்களில் சீக்கிரம் கெடுகிற சாதி. லிமோனீன் காற்றோடு சேர்ந்து மாறும்போது வாசம் மங்கும், தோலில் அரிப்பு உண்டாக்கும் பொருள்களும் பிறக்கும். சூடு அதை விரைவுபடுத்தும். பைக் டிக்கி, கார் டேஷ்போர்டு, குளியலறை அலமாரி மூன்றும் ஆகாது. பீரோ நல்ல இடம்தான். ஆனால் மேற்குப் பார்த்த சுவரில் சாய்த்த இரும்பு பீரோ என்றால் சாயங்காலம் தொட்டுப் பாருங்கள், சுடும். அதைவிட உள் அறையில் மர அலமாரியின் கீழ்த்தட்டு மேல். டப்பாவைத் தூக்கி எறியாமல் அதற்குள்ளேயே வையுங்கள். அடியில் திறந்த மூடி படத்தோடு 36 எம் என்று இருந்தால், திறந்த பிறகு 36 மாதம் என்று அர்த்தம்.

நிறம் கருத்து, அடித்ததும் எலுமிச்சைக்குப் பதில் வார்னிஷ் போலக் குத்தினால் தோலில் போடாதீர்கள். பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கினால் உள்ளே காற்று அதிகம், கெடுவதும் வேகம். ‘நல்ல நாளுக்கு’ என்று மிச்சம் வைக்காமல் அந்தக் கோடையிலேயே அடித்துத் தீர்த்துவிடுங்கள்.