ஆன்லைன் படிப்பில் ஆளை விலக்கும் எழுத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனில் உட்கார்ந்து, அரசு ஆதரவில் நடக்கும் ஆன்லைன் படிப்புத் தளங்களான ஸ்வயத்திலோ என்பிடெல்லிலோ 12 வாரப் பாடம் படிப்பவருக்கு, சக மாணவர் கௌஹாத்திக்காரராக இருக்கலாம், தொண்டிக்காரராகவும் இருக்கலாம். முகமும் குரலும் தெரியாது. எழுத்தை வைத்துத்தான் பழக்கம்.

அதிகம் கண்ணில் படும் தவறு, மொட்டைக் கேள்வி. "மூணாம் வார அசைன்மென்ட் புரியல, யாராவது சொல்லுங்க" என்று போட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. யாரைக் கேட்டதோ, எதைக் கேட்டதோ! அதையே, "நேத்து நீங்க போட்ட விடையைப் பார்த்தேன். சராசரி வரைக்கும் சரியா வருது, திட்ட விலக்கத்துல இடிக்குது" என்று பெயர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பதில் வரும். கனடாவில் ரூர்க், ஆண்டர்சன், காரிசன், ஆர்ச்சர் என்ற ஆய்வாளர்கள் 1999-ல், எழுத்து வழி வகுப்பில் ஒருவருடைய 'சமூக இருப்பு', அதாவது எதிரே நிஜமான ஓர் ஆள் இருக்கிறார் என்ற உணர்வு, எவற்றில் தெரிகிறது என்று வகைப்படுத்தினார்கள். பெயர் சொல்லி அழைப்பது, பிறர் எழுதியதைச் சுட்டுவது, பாராட்டுவது எல்லாம் அதில் உண்டு. வணக்கம் சொல்வதும்கூட. நாம் வெட்டிப்பேச்சு என்று ஒதுக்குவதில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அடுத்தது, சக மாணவருக்கே மனு எழுதுவது. "ரெஸ்பெக்டட் சார், கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று வந்தால் எதிரே இருப்பவர் ஒதுங்கிப் போவார். பல மாநிலத்தார் இருக்கும் இடத்தில் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியம் போதும். நம்மூர் வாட்ஸ்அப் குழுவில் தமிழே எழுதலாம். கலப்புக் குழுவில் நாலு பேர் மட்டும் தமிழில் பேசிக்கொள்வதுதான் கூடாது. பேசினால், முடிவை ஆங்கிலத்தில் இரண்டு வரி போட்டுவிடுங்கள்.

கீழக்கரையில் காக்கா, லாத்தா என்பார்கள்; ராமேஸ்வரத்தில் அண்ணே, அக்கா. வயது தெரிந்தால் தாராளமாகச் சொல்லலாம். முதல் வாரத்திலேயே மச்சி, டா போடுவது வேண்டாம், அதிலும் பெண்கள் இருக்கும் குழுவில். பிறர் எழுத்துப்பிழையைக் குழுவில் வைத்துத் திருத்துவதும் அப்படித்தான்.

அப்புறம், "பேசாதவர்களை நீக்கப் போகிறோம்" என்ற அறிவிப்பு. இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது; ஜனவரியில் தொடங்கும் படிப்புகளின் தேர்வும் பெரும்பாலும் ஏப்ரலில்தான். வருமானம் நின்ற வீட்டில் ரீசார்ஜ் தள்ளிப் போகும். அப்படிப் பேசாமல் போனவருக்குத் தனியாக எழுதுங்கள்: "பத்தாம் வாரக் குறிப்பு எங்கிட்ட இருக்கு, அனுப்பவா?"