உணவு விதிக்கு வரைவு வந்தால் உட்கார்ந்து எழுதுங்கள்

என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு. எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் பின்பக்கம் திருப்பிப் படித்துத்தான் இன்சுலின் கணக்குப் போடுவோம். அதனால் உடல்நல உரிமை என்றால் எனக்கு முதலில் தோன்றுவது, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்து சாப்பிடும் உரிமைதான். அதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. விதி எழுதுகிறவர்களிடம் கேட்க வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இல் வந்தது. ஆனால் லேபிளில் என்ன இருக்க வேண்டும், எந்த நிறமி கூடாது என்பதெல்லாம் அதன் கீழ் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம்) போடும் ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. இறுதியாகும் முன் அவை வரைவாக அரசிதழில் வெளியாகும். கருத்துச் சொல்ல 30 நாள், 60 நாள் என்று கெடு கொடுப்பார்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ இணையதளத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். கெடு முடிந்தபின் எழுதுவது வீண்.

எழுதுவதில்தான் விஷயம் இருக்கிறது. 'எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதினால், படிக்கும் அதிகாரி அதை எங்கே சேர்ப்பார்? வரைவின் எந்த உட்பிரிவு, அதில் இப்போது உள்ள வாசகம், அதற்குப் பதிலாக நீங்கள் கேட்கும் வாசகம், அதற்கான காரணம். இந்த நான்கும் வேண்டும். ஒரு உட்பிரிவுக்கு ஒரு பத்தி போதும்.

ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 30 கிராம். ஒரு பரிமாறல், அதாவது ஒரு தடவை சாப்பிடும் அளவு, 20 கிராம் என்று நிறுவனம் போட்டிருக்கிறது. அப்படியானால் 6 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்கு 50 கிராம் என்ற அளவில் 12 சதவீதம். பார்க்கச் சின்னதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பிள்ளை 60 கிராம் பாக்கெட்டை முழுதாகச் சாப்பிட்டால் 36 சதவீதம். அந்த 50 கிராமும் 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கான கணக்கு. 'பரிமாறல் அளவை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடக் கூடாது. சர்க்கரை அதிகம் என்ற எச்சரிக்கை முன்பக்கத்தில் வேண்டும்' என்று கேட்க இந்த ஒரு கணக்கு போதும். உங்கள் வீட்டுப் பாக்கெட்டின் படத்தையும் இணைத்துவிடுங்கள்.

2022 செப்டம்பரில் வந்த வரைவு, உணவுக்கு மதிப்பெண் கணக்கிட்டு, அதற்கேற்பப் பாக்கெட்டின் முன்பக்கத்தில் நட்சத்திரம் போடலாம் என்றது. நார்ச்சத்தும் புரதமும் இருந்தால் நல்ல மதிப்பெண் சேரும். அது சர்க்கரையால் வந்த கெட்ட மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. புரதம் இருக்கிறது என்பதற்காகச் சர்க்கரை என் மகள் உடம்பில் குறைந்துவிடுமா? சிலி நாடு 2016இலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கொண்டுவந்துவிட்டது. நம் வரைவுக்கு 14,000 அளவில் கருத்துகள் போயின. இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2025 ஏப்ரலில் நிபுணர் குழு மூன்று மாதத்தில் பரிந்துரை தர வேண்டும் என்று உத்தரவானது. இதற்கெல்லாம் பொறுமை வேண்டும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. சட்டத்தின் 18ஆம் பிரிவு, விதி தயாரிக்கும்போது ஊராட்சிகள் உள்பட எல்லோரிடமும் வெளிப்படையாகக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது. ஆகவே கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலைக் கருத்தோடு சேர்த்து அனுப்புங்கள். ஒரே கடிதத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதைவிட இது எடுபடும் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றுக்கும் டெல்லிதான் என்றில்லை. 30ஆம் பிரிவின்படி மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஒரு பொருளை ஓராண்டு வரை தடை செய்யலாம். பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அப்படித்தான் தடை செய்தது. ஆணையரிடம் போக ஆதாரம் வேண்டுமென்றால் 40ஆம் பிரிவு இருக்கிறது: வாங்கும்போதே பரிசோதனைக்கு அனுப்பப்போவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

சரி, விதி இறுதியாகிவிட்டது, நீங்கள் கேட்டது அதில் இல்லை. அப்புறம்? வரைவையும் இறுதி விதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, வந்த கருத்துகளை எப்படிப் பரிசீலித்தார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு உங்கள் எம்.பி.யைப் பாருங்கள். 93ஆம் பிரிவின்படி ஒவ்வொரு ஒழுங்குமுறையையும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைத்தாக வேண்டும். இரு அவைகளும் சம்மதித்தால் அதைத் திருத்தவோ நீக்கவோ முடியும். பெரும்பாலான எம்.பி.க்களிடம் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே பக்கத்தில், உட்பிரிவு எண்ணோடு எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.