மாட்யூலாகப் பிரித்த பின்னும் பில்ட் ஏன் இழுக்கிறது? கிரேடிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் ஆண்ட்ராய்டு ப்ராஜெக்ட்டை ரிவ்யூ செய்ய உட்கார்ந்தால் ஒரே மாதிரியான தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. எங்கள் காலத்தவர்கள் செய்து, சூடுபட்டு, விட்டொழித்த அதே தவறுகள்தான். ஒரே 'ஆப்' மாட்யூலில் (தனியாகக் கம்பைல் ஆகும் கோட் தொகுதியில்) கிடந்த கோட் முழுவதையும் இருபது, முப்பது மாட்யூல்களாகப் பிரிக்கிறார்கள். ஃபோல்டர்கள் பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் ஒரு வரியை மாற்றி ரன் கொடுத்தால், கோட்டிலிருந்து ஆப்பைக் கட்டித் தரும் கருவியான கிரேடிலுக்குப் பழைய நேரமே ஆகிறது, சில சமயம் அதைவிடக் கூடுதலாகவும் ஆகிறது. "இவ்வளவு பாடுபட்டும் பிரயோஜனம் இல்லையே" என்று சோர்ந்துபோகிறார்கள்.

எந்த மாட்யூலுக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று முடிவெடுக்காமல் ஃபோல்டரை மட்டும் பிரித்தால் இப்படித்தான் ஆகும். செட்டிங்ஸ் ஃபைலில் மாட்யூல் பெயரைச் சேர்க்க மறப்பது, ராப்பரை கமிட் செய்யாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை முதல் ரன்னிலேயே கண்டுபிடித்துவிடலாம். எந்த எரரும் காட்டாமல் மாதக்கணக்கில் நேரத்தைத் தின்னும் தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

## எல்லாவற்றுக்கும் 'ஏபிஐ' போடுவது

இதை எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் குறைவதில்லை. காரணம், இது அறியாமையால் வருவதைவிட அவசரத்தால்தான் அதிகம் வருகிறது.

எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். கார்ட் மாட்யூலில் ஒரு கிளாஸை அழைக்கிறீர்கள். 'அன்ரிசால்வ்டு ரெஃபரன்ஸ்' என்று சிவப்பாகக் காட்டுகிறது. அந்த கிளாஸ் நெட்வொர்க் மாட்யூலில் இருக்கிறது. நடுவில் டொமைன் மாட்யூல். டொமைனின் பில்ட் ஃபைலைத் திறந்து, நெட்வொர்க்குக்கு முன்னால் இருக்கும் 'இம்ப்ளிமென்டேஷன்' (சேர்த்தது எனக்கு மட்டும் தெரியட்டும்) என்ற சொல்லை அழித்துவிட்டு 'ஏபிஐ' (என்னைச் சேர்ப்பவர்களுக்கும் தெரியட்டும்) என்று எழுதுகிறீர்கள். சிங்க் கொடுத்ததும் சிவப்பு மறைகிறது. கமிட், புஷ், முடிந்தது. இனி டொமைனைச் சேர்க்கும் ஒவ்வொரு மாட்யூலுக்கும் நெட்வொர்க் மொத்தமும் தெரியும். நெட்வொர்க்கும் தன் பங்குக்கு, சர்வரோடு பேச உதவும் ரெட்ரோஃபிட் லைப்ரரியை ஏபிஐ ஆக வைத்திருந்தால் அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இரண்டு சொற்களும் ஏன் வந்தன என்று தெரிந்தால் இப்படிச் செய்யக் கை வராது. ஆரம்பத்தில் 'கம்பைல்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. நீங்கள் சேர்த்தது எதுவானாலும் உங்களைச் சேர்த்தவர்களின் கம்பைல் பாதைக்கும் போய்விடும். 2017-இல் கிரேடில் 3.4 இதை இரண்டாகப் பிரித்தது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டு பிளகின் 3.0-வும் பிரித்தது. 2021-இல் வந்த கிரேடில் 7.0 'கம்பைல்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. ஆக, எல்லாவற்றுக்கும் ஏபிஐ போடுகிறவர் 2017-க்கு முந்தைய நிலைக்கே திரும்பிப் போகிறார்.

இழப்பு எங்கே வருகிறது? ஒரு மாட்யூலின் பப்ளிக் முகம் (வெளியிலிருந்து அழைக்கக்கூடிய கிளாஸ்கள், ஃபங்ஷன்கள்) மாறாதவரை அதை நம்பியிருக்கும் மாட்யூல்களை கிரேடில் மறுபடி கம்பைல் செய்யாது. சாதாரண ஃபங்ஷனுக்குள்ளே நீங்கள் என்ன மாற்றினாலும் சரி. நெட்வொர்க்கில் ஒரு பப்ளிக் ஃபங்ஷனுக்குப் புதிதாக ஒரு பராமீட்டர் சேர்த்தால் முகம் மாறுகிறது. டொமைன் அதை இம்ப்ளிமென்டேஷனாக வைத்திருந்தால் டொமைன் மட்டும் கம்பைல் ஆகும். டொமைனின் முகம் மாறாததால் வேலை அங்கேயே நின்றுவிடும். ஏபிஐ ஆக இருந்தால் கார்ட், ப்ரொஃபைல், தேடல், ஆர்டர் என்று டொமைனைத் தொடும் அத்தனை மாட்யூல்களும் வரிசையாகக் கிளம்பும்.

நேரம் போவதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. ஒரு மளிகை டெலிவரி ஆப்பில் ரெட்ரோஃபிட்டை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் 'கேடோர்' (Ktor) லைப்ரரிக்கு மாற வேண்டி வந்தது. நெட்வொர்க் மாட்யூலுக்குள்ளேயே முடிய வேண்டிய வேலை. மாற்றி பில்ட் கொடுத்தால் கார்ட் திரையின் வியூமாடலில் எரர். திறந்து பார்த்தால், அங்கே ஒருவர் ரெட்ரோஃபிட்டின் 'ஹெச்டிடிபி எக்ஸெப்ஷன்' கிளாஸை நேரடியாக கேட்ச் செய்து, 401 வந்தால் லாகின் திரைக்கு அனுப்புகிறார். அடுத்து ப்ரொஃபைல். அதே வரி காப்பி செய்யப்பட்டிருக்கிறது. அடுத்து ஆர்டர் வரலாறு. பொத்தானும் பட்டியலும் வரைய வேண்டிய இடங்களுக்கெல்லாம் சர்வரோடு எந்த லைப்ரரி பேசுகிறது என்பது தெரிந்திருந்தது. அதை எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெயரைத் தட்டியதும் ஐடிஇ (கோட் எழுதும் எடிட்டர்) அந்த கிளாஸைக் காட்டியது, அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணில் படாமல் வைத்திருக்க வேண்டியது பில்ட் ஃபைலின் பொறுப்பு. சர்வர் பிழைகளை நெட்வொர்க் அடுக்கிலேயே 'லாகின் காலாவதி', 'இணைப்பு இல்லை' என்று நம் சொந்த டைப்புகளாக மாற்றிக் கொடுத்திருந்தால் அந்தத் திரைகளைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

ரிவ்யூவில் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பதில் வரும்: "இம்ப்ளிமென்டேஷன் போட்டால் ஆப்பிலேயே அந்த லைப்ரரி வராதே?" வரும். மறைப்பது கம்பைல் நேரத்தில் மட்டும்தான். ரன் ஆகும்போது தேவைப்படும் எல்லாமே பேக்கேஜுக்குள் போய்ச் சேரும்.

எப்போதுதான் ஏபிஐ போடுவது? உங்கள் பப்ளிக் ஃபங்ஷனின் பராமீட்டரிலோ ரிட்டர்ன் டைப்பிலோ, பப்ளிக் கிளாஸின் சூப்பர்கிளாஸிலோ அந்த லைப்ரரியின் டைப் தெரிகிறதா? தெரிந்தால் ஏபிஐ. ஃபங்ஷனின் உடலுக்குள் மட்டும் பயன்படுகிறதா? இம்ப்ளிமென்டேஷன். முதலில் எப்போதும் இம்ப்ளிமென்டேஷன் என்றே எழுதுங்கள். சிவப்பு வந்தால் சொல்லை மாற்றுவதற்கு முன், "இந்த மாட்யூலுக்கு அந்த கிளாஸ் தெரியத்தான் வேண்டுமா?" என்று கேளுங்கள். தெரிய வேண்டும் என்றால் நடுவில் இருப்பவர் வழியாக வாங்காமல் உங்கள் பில்ட் ஃபைலிலேயே நேரடியாகச் சேருங்கள்.

பழைய ப்ராஜெக்ட்டைச் சரிசெய்பவர்களுக்கு டிபெண்டன்சி அனாலிசிஸ் பிளகின் பெரிய உதவி. அதன் 'பில்ட்ஹெல்த்' டாஸ்க்கை ஓட்டினால் எது ஏபிஐ ஆக இருக்கக்கூடாது, எது தேவையே இல்லாமல் கிடக்கிறது என்று மாட்யூல் வாரியாகச் சொல்லும். அதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். அடித்தளத்தில் இருக்கும் ஒரு மாட்யூலில் புதிதாக ஒரு பப்ளிக் ஃபங்ஷன் எழுதுங்கள். கன்சோலை 'ப்ளெய்ன்' ஆக வைத்து பில்ட் கொடுங்கள். கம்பைல் வரிகளில் எவற்றுக்குப் பக்கத்தில் 'அப்-டு-டேட்' இல்லையோ அந்த மாட்யூல்கள் எல்லாம் உங்கள் மாற்றத்துக்கு விலை கொடுக்கின்றன.

## 'காமன்' என்று ஒரு மாட்யூல்

தேதியை வடிவமைக்கும் ஃபங்ஷன், படம் லோட் செய்யும் கிளாஸ், நீல நிறப் பொத்தான், அனலிட்டிக்ஸ் ஈவென்ட் பெயர்கள். எங்கே வைப்பது என்று தெரியாத எல்லாமே இங்கே வந்து விழும். எல்லோரும் இதைச் சேர்த்திருப்பார்கள், எல்லோரும் தினமும் இதில் கை வைப்பார்கள். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு ப்ராஜெக்ட்டும் ஓடும். செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வையுங்கள்: 'தேதி', 'டிசைன்', 'அனலிட்டிக்ஸ்'. தேதி ஃபங்ஷனுக்கு ஆண்ட்ராய்டே தேவையில்லை என்றால் அதை வெறும் கோட்லின் மாட்யூலாக வையுங்கள். ரிசோர்ஸ், மேனிஃபெஸ்ட் வேலைகள் எதுவும் இல்லாததால் பில்டும் டெஸ்டும் சீக்கிரம் முடியும்.

## ரூட் ஃபைலில் 'சப்ப்ராஜெக்ட்ஸ்' பிளாக்

ஒரே இடத்தில் எழுதினால் எல்லா மாட்யூலுக்கும் போய்விடுகிறது என்ற வசதிதான் இதில் சிக்கல். ஒரு ப்ராஜெக்ட்டில் இந்த பிளாக்குக்குள் கேஏபிடி பிளகினை (கோட்லினில் அனோட்டேஷன் ப்ராசஸர்களை ஓட்டுவது) சேர்த்திருந்தார்கள். அனோட்டேஷன் ப்ராசஸரே இல்லாத மாட்யூல்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. எந்த மாட்யூலின் ஃபைலைத் திறந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

'பில்ட்-லாஜிக்' என்று ஒரு தனி பில்டை இன்க்ளூட் செய்து, அதில் 'ஆண்ட்ராய்டு லைப்ரரி', 'ஃபீச்சர்', 'கோட்லின் மட்டும்' என்று ஒவ்வொரு வகை மாட்யூலுக்கும் வேண்டிய செட்டிங்குகளைத் தொகுத்துச் சிறு கன்வென்ஷன் பிளகின்கள் எழுதுங்கள். ஒவ்வொரு மாட்யூலும் தனக்கு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கட்டும். கூகுளின் 'நவ் இன் ஆண்ட்ராய்டு' மாதிரி ஆப்பில் இந்த அமைப்பு அப்படியே இருக்கிறது, திறந்து படியுங்கள்.

## வெர்ஷன் எண்ணை ஒவ்வொரு ஃபைலிலும் எழுதுவது

வெர்ஷன் கேட்டலாக் (லைப்ரரிகளையும் அவற்றின் வெர்ஷன்களையும் ஒரே இடத்தில் பட்டியலிடுவது) கிரேடில் 7.4-இலிருந்தே நிலையான வசதி. அதில் எழுதுங்கள்.

## ஒவ்வொரு முறையும் 'கிளீன்' (முன்பு பில்ட் ஆனதையெல்லாம் அழிப்பது)

வேண்டாம்.

## பேரலலை மறப்பது

கிரேடில் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் நீங்களாக இயக்கினால்தான் மாட்யூல்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஆனால் மாட்யூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சங்கிலியாக இருந்தால் இதை இயக்கியும் பெரிய பலன் கிடைக்காது. அகலமாகப் பிரியுங்கள்.

## ஃபீச்சர் மாட்யூல் இன்னொரு ஃபீச்சரைச் சேர்ப்பது

கார்ட்டிலிருந்து ப்ரொஃபைல் திரைக்குப் போக வேண்டும், சேர்த்துவிடுகிறார்கள். பிறகு ப்ரொஃபைலிலிருந்து கார்ட்டுக்கு. இப்போது கிரேடில் 'சர்க்குலர் டிபெண்டன்சி' என்று நின்றுவிடும். உடனே இரண்டுக்கும் பொதுவானதை 'காமன்' மாட்யூலுக்குத் தள்ளுகிறார்கள்; தலைவலி போய் திருகுவலி வந்த கதை. ப்ரொஃபைலை இரண்டாக வெட்டுங்கள். இன்டர்ஃபேஸும் திரைக்குப் போகும் வழியும் மட்டும் ஒரு சிறு மாட்யூலில். உண்மையான திரை இன்னொன்றில். கார்ட்டுக்குச் சிறியது மட்டும் தெரிந்தால் போதும். இரண்டையும் இணைத்துவிடுவது 'ஆப்' மாட்யூலின் வேலை.

## முதல் நாளே நாற்பது மாட்யூல்

ஒவ்வொரு மாட்யூலையும் கிரேடில் கான்ஃபிகர் செய்ய வேண்டும், அதற்கும் நேரம் ஆகும். யாரையும் நம்பியிராத பகுதியிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அது டிசைன் அல்லது டேட்டா மாடல் வகுப்புகளாக இருக்கும். அதைப் பிரித்து, மேலே சொன்ன 'அப்-டு-டேட்' சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததில் கை வையுங்கள்.